மலை, ஆறு, கடல், நம் வீட்டு லோங்காங்: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் கூட்டிக்கொண்டு மலை ஏறுவது எனக்குச் சில ஆண்டுப் பழக்கம். ஏறும்போதே கேள்விகள் தொடங்கிவிடும். இறங்கி வந்து ரொட்டி சானாய் சாப்பிட உட்கார்ந்தால் இன்னும் கூடும். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அவற்றுக்கான பதில்கள்தாம் இவை. சிலவற்றுக்கு நிறையச் சொல்ல வேண்டியிருந்தது, சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

பினாங்கில் காடு எங்கே இருக்கிறது? ஊர் முழுக்கக் கட்டடம்தானே?

நகர நடுவில் கொம்தார் கோபுரத்துக்குக் கீழே நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும். கொஞ்சம் மேற்கே திரும்புங்கள், பச்சைச் சுவர் போல மலை நிற்கும். தீவின் மொத்தப் பரப்பே ஏறத்தாழ 295 சதுர கிலோமீட்டர்தான். அதன் நடுவில் 833 மீட்டர் உயரம் வரை எழுந்து நிற்கிறது கொடிமலைத் தொடர்.

2021 செப்டம்பரில் யுனெஸ்கோ இந்தக் கொடிமலையையும் அதைச் சுற்றியுள்ள காடு, கடல் பகுதிகளையும் உயிர்க்கோளக் காப்பகமாக, அதாவது இயற்கையும் மனிதரும் சேர்ந்து வாழக் காக்கப்படும் பகுதியாக, அறிவித்தது. மொத்தம் 12,481 ஹெக்டேர். மலேசியாவில் தாசேக் சினிக்கும் சபாவின் குரோக்கர் மலைத்தொடருக்கும் அடுத்து நமக்குத்தான் இந்தப் பெயர் கிடைத்தது. 1884-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவும், 2003-இல் அரசிதழில் அறிவிக்கப்பட்ட தெலுக் பஹாங் தேசியப் பூங்காவும் இதற்குள்தான் வருகின்றன.

ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற பதில்களுக்கெல்லாம் இதுதான் அடிப்படை. இந்தத் தீவில் மலை உச்சிக்கும் கடலுக்கும் இடையே தூரம் மிகக் குறைவு. பெரிய நாடுகளில் மலையில் பெய்த மழை கடலைச் சேர நாள்கணக்கில் ஓடவேண்டும். இங்கே சில மணி நேரம் போதும். அந்தச் சில மணி நேரப் பாதையில்தான் நம் வீடுகள் இருக்கின்றன.

தண்ணீர்மலை என்ற பெயர் எப்படி வந்தது?

அங்குள்ள அருவியால் வந்தது. ஒரு காலத்தில் ஜார்ஜ்டவுன் நகரத்துக்கே குடிநீர் கொடுத்தது அந்த அருவிதான். தைப்பூசத்தன்று 513 படி ஏறி முருகனைப் பார்த்துவிட்டு இறங்குகிறோமே, அந்த மலை முருகனுக்கு மட்டுமல்ல, தண்ணீருக்கும் வீடு. நம் முன்னோர் வைத்த பெயரில் அது இருக்கிறது. ஆங்கிலேயரும் அங்கே போகும் சாலைக்கு அருவியின் பெயரையே வைத்தார்கள்.

வெள்ளத்துக்கு மழைதானே காரணம்? மலையில் மரம் வெட்டுவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் சின்னம்மா வீட்டுக் கதையைத்தான் சொல்வேன்.

2017 நவம்பர் 4, சனிக்கிழமை. மதியம் தொடங்கிய மழை இரவெல்லாம் காற்றோடு சேர்ந்து கொட்டியது. பினாங்கில் ஏழு பேர் இறந்தார்கள். ஜாலான் பி. ரம்லி பக்கம் இருந்த சின்னம்மா வீட்டில் நள்ளிரவுக்குள் தண்ணீர் சாமி மேடையைத் தொட்டுவிட்டது. மறுநாள் தண்ணீர் வடிந்ததும் நாங்கள் போய்ச் சுத்தம் செய்தோம். தரையிலும் அலமாரிக்குள்ளும் படிந்திருந்ததை அள்ளி அள்ளி வெளியே கொட்டினோம். லோங்காங்கின், அதாவது சாக்கடையின், கறுப்புச் சேறாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பாதிக்கு மேல் செம்மண். அந்தத் தெருவில் செம்மண் கிடையாது. அது மலையிலிருந்து இறங்கி வந்த மண்.

அன்று பெய்தது சாதாரண மழை இல்லை, அதை மறுக்கக்கூடாது. காடு முழுசாக இருந்திருந்தாலும் தண்ணீர் ஏறியிருக்கும். ஆனால் எவ்வளவு ஏறும், எவ்வளவு வேகமாக ஏறும் என்பதில்தான் காட்டின் வேலை இருக்கிறது. காட்டில் விழுகிற மழைத்துளி நேராகத் தரையைத் தொடுவதில்லை. உயரமான மரத்தின் இலையில் பட்டு, அடுத்த அடுக்கில் பட்டு, கீழே சருகில் சொட்டுகிறது. சருகுக்கு அடியில் வேரும் புழுவும் துளைத்து வைத்த மண் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்கிறது. அப்புறம் நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகிறது. மழை நின்று ஒரு வாரம் ஆன பிறகும் மலை ஓடையில் தண்ணீர் ஓடுவது இதனால்தான்.

மரத்தை எடுத்துவிட்டால் மழை நேரே மண்ணை அடிக்கிறது. பினாங்குத் தீவின் மலைகள் கருங்கல் மலைகள். மேலே இருப்பது அந்தக் கல் காலப்போக்கில் உதிர்ந்து உண்டான மண். வேரின் பிடி இருக்கும்வரை அசையாது, பிடி போனால் சர்க்கரை மாதிரிக் கரையும். கரைந்த மண் ஆற்றின் அடியில் போய்ப் படிகிறது. ஆறு ஆழம் குறைகிறது. அதே ஆற்றில் அடுத்த முறை அதே அளவு தண்ணீர் வந்தாலும் கரையைத் தாண்டிவிடும். அந்த நேரம் பார்த்துக் கடலில் ஏற்றம் என்றால் சுங்கை பினாங்கு ஆறு கொண்டுவரும் தண்ணீருக்குப் போக இடமில்லை. திரும்பி நம் வாசலுக்குத்தான் வரவேண்டும்.

தாழ்வான பகுதியில் குறைந்த வாடகைக்கு இருப்பவர்கள்தான் முதலில் நனைகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். மலைமேல் காட்சி பார்த்துக்கொண்டு வாழ வீடு வாங்கியவரின் வீட்டுக்குள் வெள்ளம் வராது.

மலைச்சரிவில் கட்டச் சட்டம் விடுகிறதா?

பினாங்கு மாநில அமைப்புத் திட்டப்படி, கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேல் உள்ள நிலமும் 25 பாகைக்கு மேல் சரிவுள்ள நிலமும் மலைநிலம். அங்கே மேம்பாடு கூடாது. ஆனால் 'சிறப்புத் திட்டங்கள்' என்று ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். அந்த வாசல் வழியாக எது போகலாம், எது போகக்கூடாது என்பதில்தான் இத்தனை ஆண்டுச் சண்டையும். என்னைக் கேட்டால் அந்த வாசலை மூடவேண்டும்.

அனுமதியே இல்லாமல் வெட்டுகிறவர்களும் உண்டு. ரெலாவ் மலையின் உச்சியை 2013-இல் மொட்டையடித்தார்கள். நெடுஞ்சாலையில் போகிற எல்லாருக்கும் அந்த வழுக்கை தெரிந்தது. ஊரார் அதற்குப் 'போத்தாக் மலை', அதாவது வழுக்கை மலை, என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அப்போது நீதிமன்றம் விதித்த அபராதம் 30,000 ரிங்கிட். ஒரு மலைக்கு அதுவா விலை என்று அன்று கேட்டவர்களில் நானும் ஒருவன்.

உயிர்க்கணக்கும் இருக்கிறது. 1993 டிசம்பர் 11-இல் கோலாலம்பூருக்கு அருகே உலு கிளாங்கில் ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். பின்னாலிருந்த சரிவில் மழைநீர் வடிகால் சரியில்லாமல் மண் இளகியதுதான் அதன் தொடக்கம். நம் ஊரில் 2017 அக்டோபர் 21-இல் தஞ்சோங் பூங்கா கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 பேர். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2018 அக்டோபர் 19-இல் பாயா தெருபோங் பக்கம் புக்கிட் குக்குஸ் சாலைப் பணியில் 9 பேர். இந்த இரண்டு இடத்திலும் மண்ணுக்குள் போனவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், இந்தோனேசியா, மியன்மார் என்று பிழைக்க வந்த தொழிலாளிகள். நூறு ஆண்டுக்கு முன்னால் இதே மண்ணுக்கு அப்படிக் கப்பலேறி வந்தவர்கள்தாம் நம் கொள்ளுத்தாத்தாக்கள். அதை மறந்துவிட்டு அந்தச் செய்தியை நம்மால் கடந்து போக முடியாது.

நம் தாத்தா பாட்டிகள்தானே காட்டை வெட்டித் தோட்டம் போட்டார்கள்? இப்போது நாமே காட்டைக் காப்பாற்று என்று சொல்லலாமா?

ஒரு பதினைந்து வயதுப் பெண்பிள்ளை கேட்ட கேள்வி இது. எனக்கு உடனே பதில் வரவில்லை.

உண்மைதான். பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் வந்தன. பிறகு ரப்பர், அப்புறம் செம்பனை. காட்டை வெட்டிய கோடரியும் வடிகால் தோண்டிய மண்வெட்டியும் பெரும்பாலும் தமிழர் கையில்தான் இருந்தன. ஆனால் எந்தக் காட்டை வெட்டுவது, எதை நடுவது என்று தீர்மானித்த கை அவர்களுடையது அல்ல. வெட்டிய காட்டின் லாபமும் அவர்கள் வீட்டுக்கு வரவில்லை. மலேரியாவும் பாம்புக்கடியும்தான் வந்தன.

இன்னொன்றும் இருக்கிறது. தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முருங்கையும் கறிவேப்பிலையும் வாழையும் வைத்தவர்கள் அவர்கள். தோட்டத்து ஓடையில் எந்த மாதத்தில் என்ன மீன் வரும், காய்ச்சலுக்கு எந்த இலையைக் கொதிக்க வைப்பது என்றெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தோட்டம் விற்கப்பட்டு ஃபிளாட்டுக்குக் குடிபோனபோது அந்த அறிவையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். ஆகவே அந்தப் பிள்ளைக்கு நான் பிறகு சொன்னது இதுதான்: நமக்குத்தான் அந்தக் கதை இரண்டு பக்கமும் தெரியும். காடு போனால் என்ன ஆகும் என்பதைக் கையால் அறிந்த குடும்பங்கள் நாம். பேசுவதற்கு நமக்கு உரிமை கூடுதலாகவே இருக்கிறது.

குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதே, அப்புறம் என்ன கவலை?

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகளிலிருந்துதான் எல்லாம் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பினாங்கின் கச்சாநீரில், அதாவது சுத்திகரிக்கும் முன் எடுக்கும் நீரில், சுமார் 80 விழுக்காடு சுங்கை மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த ஆற்றின் பிறப்பிடம் கெடாவில், தாய்லாந்து எல்லையை ஒட்டிய உலு மூடா காடு. 160,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பெரும்பரப்பு. கெடாவின் நெல்வயல்களும் அதே காட்டுத் தண்ணீரில்தான் விளைகின்றன.

ஆக, நம் வீட்டுச் சோற்றுப்பானையில் அரிசியும் தண்ணீரும் ஒரே காட்டிலிருந்து வருகின்றன. அந்தக் காட்டில் மரம் வெட்டுவதைப் பற்றி இரு மாநிலங்களுக்கும் இடையே நெடுநாளாக இழுபறி நடக்கிறது. மரம் வெட்டினால் கெடாவுக்கு வருமானம், வெட்டாவிட்டால் நமக்குத் தண்ணீர். வெட்டாமல் விடுகிற மாநிலத்துக்கு ஈடு கொடுப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து. காட்டைக் காப்பது ஒரு வேலை. வேலைக்குக் கூலி உண்டு.

நம் பங்கும் இருக்கிறது. நாட்டிலேயே ஒரு நபருக்கு அதிகத் தண்ணீர் செலவழிக்கும் மாநிலங்களில் பினாங்கு முன்னணியில் நிற்கிறது. நெடுங்காலம் இங்கே தண்ணீர்க் கட்டணம் மிகக் குறைவாக இருந்ததால் அதன் அருமை நமக்கு உறைக்கவில்லை. ஓஸ் பைப்பைத் திறந்துவிட்டுக் கார் கழுவுகிற ஒவ்வொரு முறையும் உலு மூடாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடலை நிரப்பினால் நிலம் கூடுகிறதே? வேலையும் வருகிறதே?

நிலம் கூடுவது உண்மை. கெர்னி கடற்கரை, தஞ்சோங் தோக்கோங், ஜெலுத்தோங் என்று பல இடங்கள் கடலை நிரப்பி வந்தவை. தீவின் தெற்கே மூன்று செயற்கைத் தீவுகள், மொத்தம் 4,500 ஏக்கர் என்று ஒரு திட்டம் போட்டார்கள். மீனவர்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் ஆண்டுக்கணக்கில் எதிர்த்த பிறகு 2023-இல் அது ஒரு தீவாக, 2,300 ஏக்கராகச் சுருங்கியது. அந்த ஒன்றின் வேலை தொடங்கிவிட்டது.

கடல் வெறும் பள்ளம் இல்லை. தெற்குக் கரையின் ஆழமற்ற சேற்றுக்கடல்தான் இறாலும் மீன்குஞ்சும் வளரும் தொட்டில். மணலைக் கொட்டும்போது நீர் கலங்குகிறது. கலங்கிய நீரில் வெளிச்சம் இறங்காது. வெளிச்சம் இல்லாத இடத்தில் கடற்புல் வளராது. கடற்புல் இல்லாவிட்டால் குஞ்சுக்கு ஒளிய இடமில்லை. பெர்மாத்தாங் டாமார் லாவுட், தெலுக் கும்பார், கெர்த்தாக் சங்குல் மீனவர்கள் சொல்வது இதைத்தான். அவர்களுக்கு ஈட்டுத்தொகை, பெரிய படகு என்றெல்லாம் பேசுகிறார்கள். பெரிய படகில் தூரம் போகலாம், ஆனால் டீசல் செலவு கூடும். தொட்டில் போனபின் தூரத்தில் மட்டும் மீன் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்விக்கு மனநிறைவான பதில் எனக்கு யாரும் இதுவரை சொல்லவில்லை.

வேலைவாய்ப்பு பற்றிக் கேட்பவர்களைக் குறை சொல்லமாட்டேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரண்டு தலைமுறைத் தமிழர்கள் வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள், என் வீட்டிலும்தான். ஆனால் தொழிற்சாலைக்கு நிலம் வேண்டுமென்றால் பெருநிலத்தில் தேடலாம். மீன்குஞ்சுக்கு வேறு இடம் தேடிக் கொடுக்க முடியாது.

சதுப்புக் கரையில் உள்ள பாக்காவ் மரங்களால் என்ன பயன்? கொசுதானே வருகிறது?

தமிழில் அதற்கு அலையாத்தி என்று பெயர். அலையை ஆற்றுவது. பெயரே பதில்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் இறந்தார்கள். பலர் ஞாயிறு விடுமுறையில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனவர்கள். பாக்காவ் அடர்ந்து நின்ற கரைகளில் அலையின் வேகம் தணிந்ததை மீனவர்கள் கண்ணால் பார்த்தார்கள். செபராங் பிறை தெற்கில் கரையோர மீனவர்கள் அதற்கு முன்பே, 1990களிலிருந்தே, தாங்களாகவே பாக்காவ் கன்றுகளை நட்டு வந்தார்கள். அப்போது அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. ஆழிப்பேரலைக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நண்டும் இறாலும் கெராங் சிப்பியும் அந்த வேர்களுக்கிடையில்தான் பெருகுகின்றன. கொசுவைப் பற்றிச் சொன்னால், டிங்கியைப் பரப்பும் கொசுவுக்குப் பிடித்தது நம் வீட்டுப் பூந்தொட்டித் தட்டில் நிற்கும் நல்ல தண்ணீர். பாக்காவ் மேல் பழி போடவேண்டாம்.

குரங்குகள் வீட்டுக்குள் வந்து சாப்பாட்டை எடுக்கின்றன. பிடித்துக் கொண்டுபோனால் என்ன?

பிடித்துக்கொண்டு போனால் அந்த இடத்துக்கு வேறு கூட்டம் வரும். குப்பைத்தொட்டி திறந்திருக்கும்வரை வந்துகொண்டேதான் இருக்கும்.

இங்குள்ள குரங்குகளில் கெராவும் லோத்தோங்கும் வேறு வேறு வகை. நீண்ட வாலுள்ள கெராதான் பையைப் பிடுங்குவது. லோத்தோங் கூச்சமானது. கண்ணைச் சுற்றிக் கண்ணாடி போட்டது மாதிரி வெள்ளை வளையம் இருக்கும், குட்டி பளீரென்று ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும். இலையும் காயும் தின்று மரத்திலேயே வாழும். சாலை போட்டுக் காட்டை இரண்டாகப் பிளந்தபோது அது தரையில் இறங்கிக் கடக்க வேண்டியதாயிற்று. பல வண்டியில் அடிபட்டன. 2019-இல் தெலுக் பஹாங்கில் இளைஞர்கள் சிலர் பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னிச் சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டினார்கள். லோத்தோங்குகள் அதில் நடந்து போகின்றன. நேரில் பார்த்தால் மனசு நிறையும்.

கோயிலுக்குப் போகும் வழியில் ஆஞ்சநேயரை நினைத்து வாழைப்பழம் கொடுப்பவர்களிடம் அன்போடு சொல்கிறேன்: கொடுக்காதீர்கள். மனிதன் கையில் சாப்பாடு உண்டு என்று அது ஒருமுறை கற்றுக்கொண்டால் அடுத்து ஒரு பிள்ளையின் கையைக் கடிக்கும். அப்புறம் அதைக் கொல்லச் சொல்லிப் புகார் போகும்.

குப்பையைப் பிரித்துப் போட்டு என்ன பயன்? எல்லாம் ஒரே லோரியில்தானே போகிறது?

எங்கள் ஃபிளாட்டில் ஒரு காலத்தில் அப்படி நடந்தது, நானும் கோபப்பட்டிருக்கிறேன். இப்போது மறுசுழற்சிப் பொருளுக்குத் தனி நாள் இருக்கிறது. பினாங்கு 2009-இல் திங்கட்கிழமைகளில் இலவசப் பிளாஸ்டிக் பையை நிறுத்தி, 2011 முதல் எல்லா நாளும் நிறுத்தியது. 2016 ஜூனில் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கும் கொள்கை வந்தது.

பிரிக்காத குப்பை எங்கே போகிறது தெரியுமா? நிபோங் தெபால் பக்கம் புலாவ் பூரோங் குப்பைமேட்டுக்கு. பெயரைப் பாருங்கள், பறவைத் தீவு. 2022 ஜனவரியில் அது பற்றி எரிந்து நாள்கணக்கில் புகைந்தது. சுற்றியிருந்த தோட்டப்புற, கம்போங் மக்கள் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள். ஈரக் குப்பையும் பிளாஸ்டிக்கும் ஒன்றாய்க் கிடந்து அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகும். தீக்கு அது எண்ணெய் மாதிரி. சமையலறைக் கழிவை மட்டும் தனியாக எடுத்துச் செடிக்கு உரமாக்கினாலே அந்த மேட்டுக்குப் போவதில் பெரும்பகுதி குறையும்.

தாபாவ், அதாவது கடையில் சாப்பாடு கட்டி வாங்கும்போது, வீட்டிலிருந்து மங்குத் தூக்கு கொண்டுபோங்கள். முதல் இரண்டு முறை கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். மூன்றாவது முறை கறி கொஞ்சம் கூடவே ஊற்றுவார்.

வெளிநாட்டுக் குப்பை நம் துறைமுகத்துக்கு வந்தது உண்மையா?

உண்மை. 2018 தொடக்கத்தில் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியதும் பணக்கார நாடுகளின் குப்பை தென்கிழக்காசியா பக்கம் திரும்பியது. சுங்கை பட்டாணி, ஜெஞ்சாரோம் போன்ற இடங்களில் அனுமதியில்லாத ஆலைகள் இரவில் பிளாஸ்டிக்கை எரித்து ஊரையே இரும வைத்தன. 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்களில் 3,737 டன் கழிவை மலேசியா 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பியது. அதைச் சுற்றுச்சூழல் அமைச்சர் பட்டர்வொர்த்தில் வைத்துத்தான் அறிவித்தார். ஊர்மக்கள் புகார்மேல் புகார் கொடுத்ததால் நடந்தது அது.

நம் கோயில் விழாக்களில் என்ன மாற்றலாம்?

இதைக் கேட்கத் தயங்குகிறார்கள், கேட்டால் சாமி குற்றம் ஆகிவிடுமோ என்று. ஆகாது.

தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் போடுவது பெரிய தர்மம். அதில் ஒருமுறை பயன்படுத்தும் குவளைக்குப் பதிலாக ஆளுக்கொரு சொந்தப் புட்டியில் ஊற்றலாம். வாழையிலை, பாக்குமட்டைத் தட்டு எல்லாம் நம்முடைய சொந்தப் பொருள்கள்தானே? தேங்காய் உடைப்பது நேர்த்திக்கடன். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எண்ணிக்கை போட்டியாகிவிட்டால் அது முருகனுக்காக இல்லை. பத்து உடைத்துவிட்டு மீதிப் பணத்தை ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவுக்குக் கொடுத்தால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

மாசி மகத்தில் தெலுக் பஹாங் சிங்கமுகக் காளியம்மன் கோயில் தெப்ப விழாவில் கடலில் விளக்கு மிதக்க விடுகிறோம். இருட்டுக் கடலில் அந்த ஒளி நகர்வதை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். அந்தத் தெப்பம் வாழைமட்டையாலும் இலையாலும் இருக்கட்டும். பாலிஸ்டைரீன் வேண்டாம். வாழைமட்டை சில வாரங்களில் கடலோடு கரைந்துவிடும். பாலிஸ்டைரீன் பொடிப்பொடியாக உடைந்து மீன் வயிற்றுக்குள் போகும். விளக்கு விடுவது கடல்தாய்க்கு. அவளுக்கு நஞ்சு கொடுக்கலாமா?

பக்கத்து நிலத்தில் குப்பையை எரிக்கிறார்கள். யாரிடம் சொல்வது?

திறந்தவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். சுற்றுச்சூழல் இலாகாவிடம் புகார் செய்யுங்கள். தீ பெரிதாக இருந்தால் 999. படமும் நேரமும் இடமும் சேர்த்துக் கொடுத்தால் நடவடிக்கை எடுப்பது எளிது.

ஒரு சாதாரண ஆள் பேசி என்ன ஆகப்போகிறது?

1990-இல் கொடிமலை உச்சியில் ஹோட்டல்கள், கோல்ஃப் திடல் என்று ஒரு பெருந்திட்டம் வந்தது. அதை எதிர்த்துக் கையெழுத்து வாங்கியவர்கள் ஆசிரியர், குமாஸ்தா, வியாபாரி, இல்லத்தரசி என்று எல்லாரும் சாதாரண ஆள்கள்தாம். திட்டம் கைவிடப்பட்டது. அது நிறைவேறியிருந்தால் 2021-இல் யுனெஸ்கோ எதை அங்கீகரித்திருக்கும்?

அதற்கும் முன்னால், 1970களில், பிறைத் தொழிற்பேட்டைக் கழிவால் சுங்கை ஜூரு கெட்டு, கோலா ஜூரு கிராமத்து மீனவர்கள் வலையில் ஒன்றும் விழாமல் தவித்தார்கள். 1969-இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களோடு நின்றது. அந்தக் கிராமத்தார் பிறகு கூட்டுறவாகச் சேர்ந்து கெராங் வளர்த்து எழுந்தார்கள். 1977-இல் பினாங்கில் பிறந்த சகாபாட் அலாம் மலேசியா என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் அந்தக் காலத்துப் போராட்டங்களிலிருந்து வளர்ந்ததுதான். இரண்டையும் நெடுங்காலம் வழிநடத்தியவர் 2019-இல் காலமான எஸ்.எம். முகமது இத்ரிஸ். தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வாழ்ந்தவர், தமிழ் பேசியவர்.

நடைமுறையில் செய்யக்கூடியது ஒன்றைச் சொல்கிறேன். பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கவேண்டும் என்பது விதி. நம் ஆள்கள் அதைப் பார்ப்பதே இல்லை. மலாயில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாலும் போதும். உங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே நிற்கும் என்பது எந்த நிபுணரையும்விட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

பிள்ளைகளை முதலில் எங்கே கூட்டிப் போகலாம்?

தெலுக் பஹாங் தேசியப் பூங்கா. ஜார்ஜ்டவுனிலிருந்து 101 பேருந்து அங்கேயே போகிறது. வாசல் அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் பந்தாய் கெராச்சுட் பாதையில் நடந்தால் பிள்ளைகள் வேகத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையிலேயே புறப்படுங்கள், தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது வேண்டும்.

கடற்கரையை நெருங்கும்போது ஓர் ஏரி வரும். மழைக்காலத்தில் நல்ல தண்ணீரும் கடல் தண்ணீரும் அதில் கலக்காமல் இரண்டு அடுக்காக நிற்கும், வறண்ட மாதங்களில் வெறும் சேறாகக் கிடக்கும். அடுத்து ஆமைப் பாதுகாப்பு நிலையம். பச்சைக் கடலாமைகள் அந்த மணலில் ஏறி வந்து முட்டையிடுகின்றன. ஊழியர்கள் முட்டைகளை எடுத்துப் பத்திரமாகப் புதைத்துப் பொரிய வைத்துக் கடலில் விடுகிறார்கள். பிள்ளைகள் தொட்டியில் உள்ள குஞ்சைக் கையில் எடுக்கத் துடிப்பார்கள். எடுக்க விடாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். திரும்ப நடக்க முடியவில்லை என்றால் படகு இருக்கிறது, ஆனால் அலை பெரிதாக இருந்தால் படகுக்காரர் வரமாட்டார். நான்கு மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.